மறுமொழி: படிப்பகத்துப் பூட்டு, நிதி, "அந்தப் பிள்ளைகள் யார்?"

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

கொஞ்ச நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தறிக்கார வீட்டுத் தம்பி கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர்க் கோயிலில் கவசம் திறந்த ஆதிபுரீசுவரரைத் தரிசிக்க வந்தபோது, நம் காலடிப்பேட்டைப் படிப்பகம் பூட்டிக் கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வரி: "நம்ம ஊர் முடிஞ்சுபோச்சு." துபாய் அண்ணன் உடனே 2015 வெள்ள நிதியில் மிச்சம் எங்கே என்று கேட்டார். நியூ ஜெர்சியில் இருக்கும் கம்பவுண்டர் வீட்டுத் தம்பி, பழையதை இடித்துவிட்டு மாடியோடு கட்டலாம், வாசலில் நம் ஊர்ச் சங்கத்தின் பெயரோடு ஒரு வளைவு வைக்கலாம், முதல் லட்சம் என்னுடையது என்று எழுதினான். பூட்டைப் பார்த்துப் பதறினவர்களுக்காக நான் மொட்டைமாடியில் நடக்கும் வகுப்பின் படத்தைப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் மாமா கேட்டார்: "இந்தப் பிள்ளைங்க யாரு? ஒரு முகம்கூட நம்ம தெரு முகமா இல்லையே. யாருக்காக நாம பணம் போடுறோம்?"

மாமாவின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

பூட்டு விஷயம். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டுப் போட்டு, படிப்பகத்து வாசல்படி எல்லாம் தரைக்குள் போய்விட்டது. நாம் உட்கார்ந்து கதை பேசிய திண்ணை இப்போது தெரு மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காயவைத்தோம். அதனால்தான் பூட்டு. தம்பி படம் எடுத்த அதே மாலையில், நாலு வீடு தள்ளி, தையற்கார அக்கா வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் மேலிருந்து பதில் வந்திருக்கும். தம்பி, உன்னைக் குறை சொல்லவில்லை. ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை ஒரு டீ குடித்துவிட்டுப் போ.

கணக்கு விஷயம். வங்கிப் புத்தகத்தின் பக்கங்களையும் ரசீதுகளையும் தனி மடலில் துபாய் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். வேண்டியவர்கள் அவரிடம் வாங்கிப் பார்க்கலாம். 2015 நிதியில் மிச்சமிருந்தது 2023 டிசம்பரில் செலவானது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பாய், தலையணை, பிள்ளைகளின் யூனிஃபார்ம் எதையும் துவைத்து மீட்க முடியவில்லை. அந்த வீடுகளுக்குப் பாயும் அடுப்பும் போர்வையும் வாங்கிக் கொடுத்தோம். மீன்பாடி வண்டிக்காரர்களுக்குக் கொடுத்த கூலிக்கு மட்டும் ரசீது கிடையாது, என் கையெழுத்துத்தான் இருக்கிறது. கணக்குக் கேட்கிறாரே என்று துபாய் அண்ணன் மேல் யாரும் வருத்தப்பட வேண்டாம். கேட்கிற ஆள் ஒருத்தர் இருப்பதால்தான் நம் சங்கத்தில் காசு காசாக இருக்கிறது. ஆனால் அண்ணா, அந்தப் பந்தல் காசு விவகாரத்தை இதில் இழுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள்தான் இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

மெல்பர்ன் தங்கை கடற்கரையைப் பற்றிக் கேட்டிருந்தாள். நாம் சோழி பொறுக்கின மணல் இல்லை, அம்மா. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இடையிடையே தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய வளைந்த கல்சுவர். அதன் மடியில் சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பிச் சேர்ந்திருக்கிறது. கடல் ஏன் நம் பக்கம் மட்டும் தின்றது என்று சின்ன வயசில் நம் ஆயாமார்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணம் சென்னைத் துறைமுகம். நம் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1876 வாக்கில் கடலுக்குள் கல்சுவர் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் மறிபட்டது. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் வரவேண்டிய மணல் வராமல், அலை கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிறவர்களின் காலடியில் இருப்பதில் நமக்கு வரவேண்டிய மணலும் உண்டு. இதை நான் கோபமாகவே சொல்கிறேன். கடலோரத் தெருக்களில் இருந்தவர்கள் வீட்டை இழந்து உள்ளே உள்ளே நகர்ந்தார்கள். உன் பெரியம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீ அழுது எழுதியிருந்தாய். வா, கூட்டிக்கொண்டு போகிறேன். கல்மேல் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன்.

மாமா, அந்தப் படத்தில் முன்வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண்ணின் அப்பா கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். பீகாரிலிருந்து வந்தவர்கள். கூலிங் ஷீட் போட்ட பின்கட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெண் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். வகுப்பு முடிந்ததும் கோடி வீட்டு ஆயாவிடம் போய்விடுவாள். ஆயாவுக்குக் கண்புரை எடுத்தும் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை. ஆயாவின் போனுக்கு ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டி, "பாமாயில் வந்துருச்சாம் ஆயா, பருப்பு இன்னும் வர்ல, நாளைக்கு நீ நடக்காத, நான் போறேன்" என்கிறாள். கார்டையும் பையையும் வாங்கிக் கதவுப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். ஆயாவின் பேரன்கள் மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோக இதை எழுதவில்லை. அவர்கள் மாதாமாதம் ஆயாவுக்குப் பணம் அனுப்பத் தவறியதில்லை. ஆனால் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வீட்டு நாய் கடிக்கும், மாசி மாதத்தில் தேர் எந்த முனையில் திரும்பச் சிரமப்படும் என்று இன்றைக்குத் தெரிந்தவள் அந்தப் பெண். தெருவுக்கு அவளைத் தெரியும். அவளுக்குத் தெருவைத் தெரியும். நம் தெரு முகம் இல்லை என்று எப்படிச் சொல்லட்டும்?

நாம் மட்டும் எப்போது வந்தோம்? காலடிப்பேட்டையே வந்தவர்களுக்காக உண்டான இடம். 1719இல் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்து உருவாக்கிய பேட்டை இது. நம் கல்யாண வரதராஜப் பெருமாளுக்கும் ஒரு கதை சொல்வார்கள் இல்லையா? காலெட்டிடம் வேலை பார்த்த ஒருத்தர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைப் பார்த்துவிட்டு நேரம் கழித்து வருவாராம். அவருக்காகவே இங்கே ஒரு வரதர் கோயில் எழும்பியது என்று. கதை எவ்வளவு உண்மையோ, சொந்த ஊர்ச் சாமியை விட முடியாமல் தவித்த ஒரு மனுஷனுக்காக நம் பேட்டையில் கோயில் வந்தது என்றுதான் முந்நூறு வருஷமாகச் சொல்லி வருகிறோம். அதைக் கேட்டு வளர்ந்த நாம் வெளியூர்க்காரர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஆலைகள் வந்தன. விம்கோ தீப்பெட்டிக்கு ஆள் வந்தார்கள். 1946இல் மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். ஆனது, அதுவும் இதே திருவொற்றியூரில்தான். 1955இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. விழுப்புரம், நெல்லூர், கேரளம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மாமா, உங்கள் அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர். வந்த புதிதில் யாரும் வீடு கொடுக்காமல் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். இதை நான் குத்திக்காட்ட எழுதவில்லை. எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள். பின்னால் என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது உங்கள் அப்பா செய்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தத் திண்ணையில் படுத்தவரும் அந்த நாளில் யாருக்கும் தெரு முகமாகத் தெரிந்திருக்க மாட்டார்.

மேலே இருக்கிறவர்கள் நம்மை எந்தக் கணக்கில் வைத்தாலும் நாம் அசைந்ததில்லை. என் சான்றிதழில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கிறது. என் மகனுடையதில் திருவள்ளூர் மாவட்டம். 2011இல் நகராட்சி போய், சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம் ஆனோம். 2018இல் மாவட்டமும் சென்னை ஆனது. 2021இல் மெட்ரோ ரயில் வந்தது; காலடிப்பேட்டை என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அறிவிப்பில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. இத்தனை மாற்றத்திலும் தபால் இன்றைக்கும் 600019க்குத்தான் வருகிறது. நம்மைச் சேர்த்து வைத்திருந்தது எந்த அரசாணையும் இல்லை. வாசலில் சண்டை போட்டுக்கொண்டே ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தோம். ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வீட்டில் சமைத்து அனுப்பினோம். வட்டிக்கு வாங்கியாவது கல்யாண மொய்யைத் திருப்பிச் செய்தோம். நாம் ஒருவருக்கொருவர் பட்டிருந்த கடன்தான் ஊர். வெளியே போன பிறகும் உங்களில் பலர் அதை விடவில்லை. 2015இல் நள்ளிரவில் பணம் அனுப்பி, காலையில் போன் செய்து பால் பவுடர் கிடைத்ததா என்று கேட்டவர்கள் நீங்கள்.

தங்கை இன்னொன்றும் எழுதியிருந்தாள்: "நாமெல்லாம் சத்தியத்தை மீறி எல்லை தாண்டின சுந்தரர் மாதிரி, கண்ணில்லாமல் அலைகிறோம்" என்று. அவள் சொன்னது மகிழடி சேவைக் கதை. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண்பார்வை போனது. மாசி உற்சவத்தில் வருஷா வருஷம் நாம் தோள்மேல் பிள்ளைகளை ஏற்றிக் காட்டிய கதை. எல்லோரும் தண்டனையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவர் ஏன் கிளம்பினார் என்று யோசித்துப் பாருங்கள். தென்றல் வீசியது, திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது, இருப்புக் கொள்ளவில்லை. ஆசைப்பட்டுக் கட்டிய மனைவி பக்கத்தில் இருந்தும் ஆரூர் இழுத்தது. அந்த இழுப்பு அவருக்கு இருந்தது என்றால் உங்களுக்கு இருப்பதில் என்ன ஆச்சரியம்? தங்கச்சி, இங்கே யாரும் உன்னிடம் சத்தியம் வாங்கவில்லை. பிழைக்கப் போனது குற்றமில்லை. அவருக்கும் ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது, மறு கண் ஆரூரில் கிடைத்தது.

அந்த இழுப்பு சிவப்பு ரிப்பன் பெண்ணின் அம்மாவுக்கும் இருக்கிறது, மாமா. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் அவர்களுக்குச் சத் பூஜை. முறத்தில் வாழைப்பழமும் கரும்பும் வைத்துக்கொண்டு கடலுக்குப் போய், இறங்குகிற சூரியனையும் மறுநாள் ஏறுகிற சூரியனையும் கும்பிடுகிறார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் ஆற்றங்கரையில் செய்வதாம். இங்கே ஆறு இல்லாததால் கடல். இந்த வருஷம் அவள் எங்கள் வீட்டுக்குப் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் போனில் ஊர்க் குழுவைக் காட்டினாள். அவர்கள் கிராமத்திலிருந்து சென்னை, சூரத், லூதியானா என்று போனவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். குளத்துப் படித்துறை இடிந்துவிட்டது, ஆளுக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று செய்தி. அதன் கீழே யாரோ கணக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். அவள் புருஷன் தன் பங்கை அனுப்பிவிட்டார். அதே மாதம் நம் படிப்பகத்துக்குத் தார்ப்பாய் வாங்கவும் அவரே வந்து நூறு ரூபாய் கொடுத்தார். ரசீது போட்டுக் கொடுத்தேன். நோட்டில் அந்தப் பெயர் இருக்கிறது, துபாய் அண்ணன் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஊருக்கும் கொடுக்கிற மனுஷனின் பிள்ளை நம் படிப்பகத்தில் உட்கார யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மாடிக் கட்டடம் இப்போது வேண்டாம். வளைவு வேண்டவே வேண்டாம். நியூ ஜெர்சித் தம்பி கோபித்துக்கொள்ளாதே, உன் மனசு எனக்குத் தெரியும். உன் அப்பா நினைவாகச் செய்ய வேண்டும் என்ற தவிப்பும் தெரியும். உன் அப்பா ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். அவர் பெயரைப் பளிங்கில் வெட்டி வாசலில் பதித்துவிட்டு, உள்ளே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பூட்டி வைத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? உன் பணத்தில் தரையை உயர்த்துவோம். கூரையின் உடைந்த ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு நல்ல ஷீட் போடுவோம். தண்ணீர் படாத உயரத்துக்கு மீட்டர் பெட்டியை ஏற்றுவோம். அடுத்த ஐப்பசிக்குள் முடிந்துவிடும்.

அதைவிட முக்கியம் மாதச் செலவு. வகுப்பு எடுக்கும் பெண்கள் இரண்டு பேரும் கல்லூரியில் படிக்கிறவர்கள், பஸ் காசுகூட வாங்காமல் வருகிறார்கள். எத்தனை நாளைக்கு அப்படி வருவார்கள்? அவர்களுக்கு மாதம் பிறந்தால் ஒரு தொகை, நாளிதழ்களுக்கு ஒரு தொகை, கரண்ட் பில். இதற்குப் பெரிய மனுஷர் ஒருத்தர் மொத்தமாகக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. திருவிழாவுக்குத் தெருவில் வீட்டுக்கு வீடு வரி வாங்குவதுபோல, குழுவில் இருக்கும் ஒவ்வொரு வீடும் சின்னத் தொகையாக மாதாமாதம் போட வேண்டும். ஊரில் இருக்கிற வீடுகளும் போடும், பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களும் போடுவார்கள். போடாத மாதம் நான் போன் செய்து கேட்பேன், கோபப்படக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்களில் யார் யாரால் வாரத்தில் ஒரு மாலை வீடியோவில் வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலமோ கணக்கோ சொல்லித்தர முடியும்? முறை போட்டுக்கொள்ளலாம். தறிக்கார வீட்டுத் தம்பி முதலில் பெயர் கொடுப்பான் என்று நம்புகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் முகமும் உங்களுக்கு அவர்கள் முகமும் பழகட்டும்.

கூட்டம் வரும் ஞாயிறு, நம் நேரம் மாலை 6 மணி. மெல்பர்னில் இரவு பதினொன்றரை ஆகிவிடும், தங்கை பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் பொருள் துபாய் அண்ணனின் கணக்கு அறிக்கை, இரண்டாவது தரை உயர்த்தும் வேலை, மூன்றாவது மாத வரி. சிங்கப்பூர் மாமா, நீங்கள் அவசியம் வர வேண்டும். நான் எழுதியதில் ஒப்பாதது இருந்தால் அங்கே சொல்லுங்கள். கோடி வீட்டு ஆயா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தப் பெண்தான் போனைப் பிடித்துக் காட்டப்போகிறாள்.

அன்புடன்,
மாடிவீட்டு அக்கா
காலடிப்பேட்டை